நிலவறை வள்ளல்கள்

தன் பொருளைக் காப்பாற்ற யாராலும் முடியும்; அதில் சுயநலம் கலந்திருக்கிறது. பிறர் பொருளை அவர் சொல்லாமலே எடுத்து வந்து, கேட்டாலும் கொடுக்காமல், நூறாண்டுக்கு மேல் தூசு தட்டித் துடைத்து வைத்திருக்க வேறொரு மனசு வேண்டும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள பெரிய அருங்காட்சியகங்கள் பலவற்றுக்கு அந்த மனசு வாய்த்திருக்கிறது. இப்போது அவை இன்னும் ஒரு படி மேலே போய்விட்டன. பொருளைப் பறிகொடுத்தவர்களின் பேரன் பேத்திகள் எடுத்த படங்களைத் தங்கள் அரங்கிலேயே போட்டுக் காட்டுகின்றன. கறுப்பர் வரலாறு, கறுப்பர் அடையாளம் என்று அழகான தலைப்பு. பல இடங்களில் அனுமதி இலவசம். படம் முடிந்ததும் கலந்துரையாடல். அதற்குப் பிறகு ஒரு கோப்பை ஒயின். பாரியும் பேகனும் கொடுத்துப் பேர் வாங்கினார்கள். கொடுக்காமலே வள்ளல் என்று பேர் வாங்குவது அதைவிடக் கஷ்டம். அந்தச் சாதனைக்குத் தமிழில் ஒரு பாராட்டுரைகூட இல்லையே என்ற குறையைத் தீர்க்கவே இதை எழுதுகிறேன்.

அவர்களுடைய நாட்காட்டி ஒழுங்கிலிருந்து தொடங்கலாம். அடிமைகளாக இருந்து விடுதலையான பெற்றோருக்குப் பிறந்து, நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து, பிறகு ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கியவர் கார்ட்டர் ஜி. வுட்சன். 1926ல் அவர் கறுப்பர் வரலாற்றுக்கென்று ஒரு வாரம் குறித்தார். ஆப்ரகாம் லிங்கன், பிரெடெரிக் டக்ளஸ் இருவரின் பிறந்தநாளும் கொண்டாடப்படும் பிப்ரவரி வாரம். கறுப்புப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தங்கள் முன்னோரைப் பற்றி ஒரு வரியாவது கேட்கட்டும் என்பது அவர் ஆசை. ஐம்பது ஆண்டு கழித்து, 1976ல், ஜனாதிபதி ஃபோர்டு பெரிய மனசு பண்ணி வாரத்தை மாதமாக அங்கீகரித்தார். பிரிட்டனில் 1987 முதல் இதற்கு அக்டோபர் மாதம். ஏற்பாடு கச்சிதமானது. மாதம் பிறந்தால் படங்கள் பெட்டியிலிருந்து வெளியே வரும். மாதம் முடிந்தால் உள்ளே போகும். அட்லாண்டிக்கின் இரு கரையிலும் பேர் வாங்கிய கறுப்பின இயக்குநர் ஆண்டுக்கு இரண்டு மாதம் உயிரோடிருக்கலாம். வெள்ளை இயக்குநர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. பாவம், அவர்கள் பன்னிரண்டு மாதமும் ஓட வேண்டியிருக்கிறது.

பொறுமைக்கு வருவோம். இதில் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தை மிஞ்ச ஆளில்லை. சினிமாவும் கலைதான், அதையும் சேர்த்து வைக்க வேண்டும் என்று பல நாடுகள் யோசிக்காத காலத்தில், 1935ல், அது ஒரு படநூலகம் தொடங்கியது. அதை நடத்திய ஐரிஸ் பேரி என்ற ஆங்கிலப் பெண்மணி, மூடப்பட்டுவிட்ட பயோகிராஃப் கம்பெனியின் சுமார் 900 நெகடிவ் டப்பாக்களை 1939ல் அழிவிலிருந்து மீட்டுக் கொண்டுவந்தார். (இதில் கிண்டல் எதுவும் இல்லை. நைட்ரேட் படச்சுருள் எளிதில் தீப்பிடிக்கும், வைத்த இடத்திலேயே மட்கிப் பொடியாகும் சரக்கு. அவர் எடுத்து வராவிட்டால் இன்று பேச ஒன்றும் மிஞ்சியிருக்காது.) அந்தக் கம்பெனிமேல் அவ்வளவு அக்கறைக்குக் காரணம், டி. டபிள்யூ. கிரிஃபித் அங்கேதான் தொழில் படித்தார். 1915ல் ‘த பர்த் ஆஃப் எ நேஷன்’ எடுத்து, கூ க்ளக்ஸ் க்ளான் கும்பலைக் குதிரையேறி வரும் மீட்பர்களாகக் காட்டிய அதே கிரிஃபித். வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு அதில் கறுப்பர்களாக வந்தார்கள். வெள்ளை மாளிகையிலேயே ஜனாதிபதி வில்சனுக்குப் போட்டுக் காட்டப்பட்ட படம். 1940ல் அருங்காட்சியகம் கிரிஃபித்துக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. அவரை மேதை என்று நிறுவப் பேரி ஒரு நூலும் எழுதினார்.

அதே டப்பாக் குவியலில் தலைப்பில்லாத ஏழு ரீல்கள் இருந்தன. 1913ல் எடுத்தவை. பஹாமாவில் பிறந்து, நியூயார்க் மேடைகளில் கொடிகட்டிப் பறந்த கறுப்பின நகைச்சுவை நடிகர் பெர்ட் வில்லியம்ஸ்தான் நாயகன். தானே கறுப்பராயிருந்தும் அவர் கரி பூசிக்கொண்டுதான் நடித்தார். காசு கொடுத்துப் பார்த்தவர்கள் கேட்டது அதை. ஆனால் அவரைச் சுற்றி நடித்த கறுப்பினக் கலைஞர்கள் யாரும் பூசவில்லை. நல்ல உடுப்பு உடுத்தி ஊர்வலம் போகிறார்கள், ஆடுகிறார்கள், ராட்டினம் சுற்றுகிறார்கள். ஒடெசா வாரன் கிரே நடித்த அழகியின் பின்னால் மூன்று பேர் அலைய, வில்லியம்ஸ் ஜெயித்து அவளை முத்தமிடுகிறார். கறுப்பர்கள் சாதாரண மனிதர்களைப்போல் ஒரு நாளை ஜாலியாகக் கழிக்கிறார்கள், அவ்வளவுதான் கதை. காட்சிகளுக்கு இடையில் கேமரா ஓடிக்கொண்டே இருந்ததால் வெள்ளைத் தொழில்நுட்பக்காரர்களும் கறுப்பு நடிகர்களும் ஒன்றாக நிற்பதும் பதிவாகிவிட்டது. என்ன காரணத்தாலோ படம் வெட்டி ஒட்டப்படாமலே கைவிடப்பட்டது.

அந்த ஏழு ரீலும் அருங்காட்சியகத்துக்கு வந்தது 1939ல். மக்கள் பார்வைக்கு வந்தது 2014ல். இடையில் எழுபத்தைந்து ஆண்டு. ரோசா பார்க்ஸ் பேருந்தில் எழுந்திருக்க மறுத்தார். மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டார். ஒரு கறுப்பர் இரண்டு தடவை ஜனாதிபதியானார். ரீல் அரங்குக்கு வரவில்லை. கிரிஃபித்துக்கு டப்பா வந்த மறு வருஷமே மரியாதை. வில்லியம்ஸுக்கு முக்கால் நூற்றாண்டு யோசனை. அவசரப்பட்டு மதிப்பிட்டுவிடக் கூடாதே என்ற பொறுப்புணர்ச்சியைத் தவிர இதற்கு வேறு காரணம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கடைசியில் நடந்த கண்காட்சிக்கு, படம் நூறாண்டாக வெட்டி ஒட்டும் கட்டத்திலேயே இருந்தது என்று பொருள்படும்படி தலைப்பு வைத்தார்கள். தாமதத்தையே தலைப்பாக்கி அதற்குக் கைதட்டலும் வாங்குவது சாமானியர் செய்கிற காரியமா?

அதே ஊரின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் நாசூக்கையும் சொல்லியாக வேண்டும். 1969 ஜனவரியில் அது ஹார்லெம் என்ற கறுப்பர் பகுதியின் வாழ்வைக் காட்டும் பிரம்மாண்டமான கண்காட்சியைத் திறந்தது. ஆளுயரப் புகைப்படங்கள், திரையில் ஓடும் படங்கள், ஒலிப்பதிவுகள், கூட்டம். கறுப்பின ஓவியர் ஒருவரின் ஓவியமோ சிற்பியின் சிற்பமோ மட்டும் இல்லை. கறுப்பின ஓவியர்கள் பதாகை பிடித்து வெளியே படிக்கட்டில் நின்றார்கள். உள்ளே சுவரில் கறுப்பர்கள், வெளியே குளிரில் கறுப்பர்கள். கறுப்பர் வாழ்வை இவ்வளவு முழுமையாகக் காட்டிய கண்காட்சி அதற்கு முன் நடந்ததில்லை.

பிப்ரவரித் திரையிடல்களில் தவறாமல் வரும் மற்ற படங்களின் ஜாதகமும் இதே ராசிதான். கிரிஃபித் படம் ஓடி ஐந்தாண்டுக்குள், 1920ல், ஆஸ்கர் மீஷோ என்ற கறுப்பின இயக்குநர் ‘விதின் அவர் கேட்ஸ்’ எடுத்தார். வெள்ளைக் கும்பல் ஒரு கறுப்புக் குடும்பத்தைத் தூக்கிலிடுவது அதில் இருந்தது. அமெரிக்காவில் ஒரு பிரதியும் தப்பவில்லை. ஸ்பெயினில் வேறு பெயரில் கிடந்த ஒன்றை வைத்து 1993ல் படத்தை மீட்டார்கள். சார்ல்ஸ் பர்னெட் பல்கலைக்கழக மாணவராகப் பத்தாயிரம் டாலருக்கும் குறைவான செலவில் எடுத்த ‘கில்லர் ஆஃப் ஷீப்’ 1978ல் வெளிவந்தும் தியேட்டருக்குப் போக 2007 ஆனது. பாட்டுகளுக்கு உரிமை வாங்கக் காசில்லை. அதுவரை கல்லூரிகளிலும் அருங்காட்சியகங்களிலும் பார்த்துப் புகழ்ந்தார்கள். எல்லோரும் புகழ்ந்தார்கள் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். யாரும் பாட்டுக்குக் காசு கட்டவில்லை என்பதை வலியுறுத்தவில்லை. கேத்லீன் காலின்ஸ் 1982ல் எடுத்த ‘லூசிங் கிரவுண்ட்’ அவர் இருந்தவரை தியேட்டரில் ஓடவில்லை. 1988ல் இறந்தார். 2015ல் படம் வெளியானது, மதிப்புரைகள் அபாரம். தன்னைப் பற்றி நல்லது நாலு வார்த்தை கேட்டுத் தலைக்கனம் ஏறிவிடும் அபாயத்திலிருந்து அவர் காப்பாற்றப்பட்டார்.

விருந்தோம்பலைச் சொல்லாவிட்டால் பாராட்டு நிறைவடையாது. பாரிஸில் ஆப்பிரிக்க அறிஞர்கள் நடத்திய ‘பிரெசான்ஸ் ஆஃப்ரிகேன்’ இதழ், ஆப்பிரிக்கக் கலை பற்றி ஒரு படம் வேண்டும் என்று கேட்டது. அலேன் ரெனே, கிறிஸ் மார்க்கர், கிஸ்லேன் க்ளோகே என்ற மூன்று சினிமாக்காரர்கள் கிளம்பினார்கள். லண்டன், பாரிஸ், பெல்ஜிய அருங்காட்சியகங்கள் முகம் சுளிக்காமல் கதவைத் திறந்தன. 1953ல் படம் தயார். சிலைகளும் சாகும் என்று பொருள்படும் பெயர். முதல் பாதியில் சிலைகள் அழகாயிருந்தன, ஆட்சேபம் இல்லை. பிற்பாதியில், இவற்றைச் செய்த மக்களைக் காலனி ஆட்சி என்ன பாடு படுத்தியது என்று பேசிவிட்டார்கள். 1954ல் ழான் விகோ பரிசு கிடைத்தது; பிரெஞ்சுத் தணிக்கை தடையும் போட்டிருந்தது. பத்தாண்டுக்கு மேல் பிரெஞ்சு மக்கள் படத்தைப் பார்க்கவில்லை. பார்க்க விட்டபோதும் முதலில் வெட்டிய பிரதிதான். இன்று அருங்காட்சியகத் திரையிடல்களில் அந்தப் படம் மூத்த விருந்தாளி. எடுத்த மூவரும் காலமாகிவிட்டார்கள், காலனிகளும் போய்விட்டன. இப்போது பார்த்தால் யாருக்கும் ஜீரணக் கோளாறு வராது.

அடுத்த விருந்தாளி இன்னும் சுவாரசியமானவர். நீ குவாட்டே ஓவூ கானா நாட்டு இளைஞர், லண்டனில் சினிமா படித்தவர். 1970ல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் சேமிப்பறைக்குள் கேமராவோடு போக அனுமதி வாங்கிவிட்டார். ஒரே ஒரு நாள். அதில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ‘யூ ஹைட் மீ’, ஓடும் நேரம் பதினாறு நிமிஷம். ஒரு கறுப்பின ஆணும் பெண்ணும் நிலவறைக்குள் இறங்கிப் பெட்டி பெட்டியாகத் திறக்கிறார்கள். காகிதத்திலும் உறையிலும் சுற்றிவைத்த முகமூடிகள், சிலைகள், தலைகள் வெளியே வருகின்றன. இவ்வளவும் எங்களுடையவை, மேலே பார்வைக்குக்கூட வைக்காமல் கீழே ஏன் பூட்டி வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் படத்தின் மொத்த வழக்கு. தன்மேல் குற்றப்பத்திரிகை எழுத வந்தவருக்குச் சாவியைக் கொடுத்து விளக்கையும் போட்டுக் கொடுத்த பெருந்தன்மையை எந்த நாட்டுப் போலீஸ் நிலையத்தில் பார்க்க முடியும்? கானா அரசு அந்தப் படத்தைத் தடை செய்தது. பிரிட்டனுக்கு விரோதமாக இருக்கிறதாம். பொருளை எடுத்தவர் படம் எடுக்க விட்டார், பறிகொடுத்தவர் படத்தைத் தடுத்தார். விருந்தோம்பலில் யார் உயர்ந்தவர் என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்த நிலவறைக்குப் பொருள் வந்த வழியும் கௌரவமானதே. இன்றைய நைஜீரியாவின் தெற்கே இருந்தது பெனின் அரசு. 1897 ஜனவரியில், விழாக்காலம், இப்போது வர வேண்டாம் என்று அரசர் சொல்லியனுப்பியும் ஒரு பிரிட்டிஷ் குழு கிளம்பிப் போனது; வழியில் தாக்கப்பட்டது, அதிலிருந்த பிரிட்டிஷ்காரர்களில் தப்பியவர் இருவர். அடுத்த மாதமே கடற்படைத் தளபதி ராசன் தலைமையில் படை போய், நகரத்தைப் பிடித்தது, நகரம் எரிந்தது, அரசர் ஓவொன்ரம்வென் கலபாருக்கு நாடு கடத்தப்பட்டு அங்கேயே இறந்தார். அரண்மனையை அலங்கரித்த உலோகத் தகடுகள், முன்னோர் தலைகள், செதுக்கிய தந்தங்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறின. அதே ஆண்டு செப்டம்பரில் சுமார் 300 தகடுகள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்துவிட்டன. பெர்ட் வில்லியம்ஸுக்கு முக்கால் நூற்றாண்டு பிடித்த வேலை இங்கே ஏழே மாதத்தில் முடிந்தது. எதை உடனே காட்ட வேண்டும், எதை ஆறப் போட வேண்டும் என்ற விவேகம் காப்பாட்சியர்களுக்கு இயல்பாகவே அமைந்திருக்கிறது.

பிறகு அந்தப் பொருட்களின் உடல்நலம். 16ஆம் நூற்றாண்டுப் பெனின் அரசரின் தாயார் இடியாவின் முகம் என்று சொல்லப்படும் தந்த முகமூடி ஒன்று அங்கே இருக்கிறது. 1977ல் உலகக் கறுப்பினத்தவரின் கலைப் பெருவிழா லாகோஸ் நகரத்தில் நடந்தபோது அந்த முகம்தான் விழாச் சின்னம். விழா முடியும்வரை இரவல் கொடுங்கள் என்று நைஜீரியா கேட்டது. பயணத்தைத் தாங்காத மென்மையான பொருள் என்று அருங்காட்சியகம் வருத்தத்தோடு மறுத்தது. 1897ல் அவ்வளவு தூரம் கப்பலில் வந்தபோது தாங்கிய தந்தம், லண்டன் குளிரில் வசதியாக இருந்து பழகி, மென்மையாகிவிட்டது போலும். நைஜீரியா பிரதி செதுக்கி விழாவை நடத்திக்கொண்டது. இரண்டாண்டு கழித்து எடி உக்போமா என்ற நைஜீரிய இயக்குநர் ‘த மாஸ்க்’ என்று ஒரு படம் எடுத்தார். நாயகன் லண்டனுக்குப் போய் அந்த முகமூடியைத் திருடிக்கொண்டு வருகிறான். சினிமாவில் மட்டும்தான் அது ஊர் திரும்பியிருக்கிறது. கறுப்பர் சினிமாவை அருங்காட்சியகங்கள் எவ்வளவு ஊக்குவித்திருக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். முகமூடியைக் கொடுத்திருந்தால் கதைக்கு எங்கே போவது?

கொடுக்கவே மாட்டார்கள் என்று சொல்வதும் அபாண்டம். 1950 முதல் 1972 வரை முப்பதுக்கும் மேற்பட்ட பெனின் பொருட்களைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் கைமாற்றியிருக்கிறது. அதிகமானவை நைஜீரியாவுக்கே போயின. விலைக்கு. ஒரே மாதிரி இரண்டு இருக்கின்றன, ஒன்று போதும் என்று காரணம் சொன்னார்கள். பிடித்துக்கொண்டு வந்ததைப் பறிகொடுத்தவருக்கே காசுக்கு விற்றதில் ஒரு நேர்மை இருக்கிறது: ரசீது உண்டு. 1963ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், இரட்டைப் பிரதி போன்ற சில விலக்குகளைத் தவிர மற்ற எதையும் அறங்காவலர்கள் கொடுத்துவிட முடியாதபடி கட்டிப்போட்டிருக்கிறது. கொடுக்க ஆசைதான், சட்டம் விடவில்லை என்று அவர்கள் சொல்லும்போது கேட்பவர் கண்ணே கலங்கும். பாதுகாப்பாக இருக்கட்டும் என்பதும் பழைய வாதம். 2023ல் அந்த நிலவறைகளிலிருந்து சுமார் 2,000 பொருட்கள் காணாமல் போயோ, திருடப்பட்டோ, சிதைக்கப்பட்டோ இருக்கின்றன என்று அருங்காட்சியகமே அறிவித்தது. இயக்குநர் பதவி விலகினார். அவை பெரும்பாலும் சிறிய நகைகளும் மணிக்கற்களும்தான், பெனின் பொருட்கள் அல்ல. திருடரும் மரபை மதித்திருக்கிறார்.

டேட் அருங்காட்சியகத்தின் சமயோசிதத்தையும் விட்டுவிடக் கூடாது. 1985ல் பர்மிங்ஹாமின் ஹான்ட்ஸ்வர்த்தில் கலவரம் வெடித்தபோது, அக்ராவில் பிறந்த ஜான் அகோம்ஃப்ராவும் தோழர்களும் ‘ஹான்ட்ஸ்வர்த் சாங்ஸ்’ எடுத்தார்கள். இந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று கப்பலிலிருந்து இறங்கிய பெற்றோர் தலைமுறை வரை பின்னோக்கிப் போய்த் தேடிய படம். 2011 ஆகஸ்டில் லண்டனில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மார்க் டக்கன் என்ற இளைஞர் இறந்து, நகரங்கள் பற்றி எரிந்தன. அதே மாதம் டேட் மாடர்ன் அந்தப் படத்தைத் திரையிட்டது. இருபத்தைந்து ஆண்டு முன்னால் எடுத்த படம் நேற்று எடுத்ததுபோல் இருக்கிறதே என்று பார்த்தவர்கள் வியந்தார்கள். படம் பழசாகாமல் பார்த்துக்கொண்டது அருங்காட்சியகம் மட்டுமல்ல. போலீஸ், வீட்டு வசதித் துறை, நீதிமன்றம் எல்லாருக்கும் அதில் பங்குண்டு. அகோம்ஃப்ரா இப்போது சர் ஜான் அகோம்ஃப்ரா. 2024 வெனிஸ் கலைவிழாவில் பிரிட்டனின் பிரதிநிதி அவர்தான். இன்னொரு கறுப்பின இயக்குநர் ஐசக் ஜூலியனும் சர் ஆகிவிட்டார். திட்டினால் பட்டம் கொடுக்கிற ராஜ்ஜியம் அது. பட்டம் ஒன்றும் மென்மையான பொருள் அல்ல, எங்கே வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம்.

ஐசக் ஜூலியன் 2022ல் ஃபிலடெல்ஃபியாவின் பார்ன்ஸ் கலைக்கூடத்தின் நூற்றாண்டுக்காக ஐந்து திரைகளில் ஓடும் ஒரு படைப்பைச் செய்தார். ஆப்பிரிக்கச் சிற்பங்களைச் சேகரித்த பார்ன்ஸும், ஹார்லெம் மறுமலர்ச்சியின் அறிஞர் அலேன் லாக்கும் அதில் பேசிக்கொள்கிறார்கள். அதன் நடுவில் ஓவூவின் நிலவறைக் காட்சிகள் வந்து போகின்றன. வெகு நேர்த்தி, பார்த்தால் கண் எடுக்க முடியாது. 1970ல் கேட்ட கேள்வி 2022ல் கலைப்பொருளாகிக் கண்காட்சிக்கு வந்துவிட்டது. இனி அதையும் சரியான வெப்பத்தில், சரியான ஈரப்பதத்தில் பாதுகாப்பார்கள்.

பிரான்ஸ் மட்டும் சற்றே நிதானம் இழந்தது. தஹோமே அரசின் அபோமே அரண்மனையிலிருந்து 1892ல் ஜெனரல் டாட்ஸின் படை எடுத்து வந்ததில் 26 பொருட்களை, 2020ல் தனிச்சட்டம் போட்டு, 2021 நவம்பரில் இன்றைய பெனின் குடியரசுக்கு (நைஜீரியாவின் பழைய பெனின் அரசு வேறு) அனுப்பிவிட்டது. இயக்குநர் மாத்தி தியோப் அந்தப் பயணத்தை ‘தஹோமே’ என்று படமாக்கி 2024ல் பெர்லின் படவிழாவில் தங்கக் கரடி வாங்கினார். பெட்டிக்குள் அடைபட்ட சிலையே அந்நாட்டு ஃபோன் மொழியில் பேசுகிறது. இருபத்தாறாம் எண் என்று எனக்குப் பெயர் வைத்தார்கள் என்று குறைப்பட்டுக்கொள்கிறது. பல்கலைக்கழக மாணவர்கள், ஏழாயிரத்தில் 26 கொடுத்தது மரியாதையா அவமானமா என்று சண்டை போடுகிறார்கள். நன்றி கெட்ட பிள்ளைகள். பாரிஸின் கே பிரான்லி அருங்காட்சியகத்தில் மட்டும் சஹாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவின் பொருட்கள் சுமார் 70,000 இருக்கின்றன. அத்தனையையும் திருப்பிக் கொடுத்துவிட்டால் இன்னும் எத்தனை தங்கக் கரடிகள் இல்லாமல் போகும் என்பதை அந்த மாணவர்கள் யோசிக்கவில்லை.

இப்படியான ஒரு மாலை நேரத் திரையிடல் எப்படி நடக்கும் என்பது இந்நேரம் உங்களுக்குப் புரிந்திருக்கும். களவுபோன வீட்டுக்காரரை அழைத்து, முன்வரிசையில் உட்காரவைத்து, அவர் வீட்டுக் குத்துவிளக்கையே ஏற்றிவைத்து, களவைப் பற்றிக் கூத்து நடத்திக் காட்டுவது. கூத்து நன்றாகவே இருக்கும். கலந்துரையாடலில் காப்பாட்சியர், எங்கள் நிறுவனம் தன் கடந்தகாலத்தை எதிர்கொள்ளும் பயணத்தில் இருக்கிறது என்பார். எதிர்கொள்வதற்கு ஒரு குழு, ஒரு திட்ட அறிக்கை, மூன்றாண்டு நிதி. ஒருவர் எழுந்து கேள்வி என்று சொல்லிச் சொற்பொழிவு ஆற்றுவார். இன்னொருவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். வாசலில் தோள்பை விற்கும். விளக்கு எப்போதும்போல் அங்கேயே எரியும்.

புகழ்வதுபோல் இடித்துக் காட்டும் கலையில் நமக்கு முன்னோடி ஔவை. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, உன் ஆயுதங்கள் பீலி சூடி, நெய் பூசி, காவலுக்குள் பளபளவென்று இருக்கின்றன; அதியமானுடையவையோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றாள். தமிழின் முதல் அருங்காட்சியக மதிப்புரை அதுவாகத்தான் இருக்கும். பெனின் நகரத்தின் இகுன் தெருவுக்குப் போனால் இன்றும் உலைக்களம் புகைகிறது. 1897ல் எடுத்துப்போன தகடுகளையும் தலைகளையும் வார்த்தவர்களின் பரம்பரை, மெழுகில் உருப்பிடித்து, மண் பூசி, உலோகம் ஊற்றிக்கொண்டிருக்கிறது. பாட்டன் செய்ததைப் பார்க்க வேண்டுமானால் அவர்கள் விசா வாங்கி லண்டனுக்குப் போக வேண்டும். அங்கே எல்லாம் பளபளவென்று இருக்கும்.

பொறுமையில்லாதவர்களும் இருக்கிறார்கள், அவர்களைக் கண்டிக்காமல் விட முடியாது. கேம்பிரிட்ஜின் ஜீசஸ் கல்லூரி 2021ல் தன்னிடமிருந்த பெனின் வெண்கலச் சேவலைக் கொடுத்துவிட்டது. லண்டனின் ஹார்னிமன் அருங்காட்சியகம் 2022ல் 72 பொருட்களின் உரிமையை நைஜீரியாவுக்கு எழுதிக் கொடுத்தது. ஜெர்மனி அதே ஆண்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றின் உரிமையை மாற்றி, முதல் தவணையாகச் சுமார் இருபது பொருட்களைக் கையோடு கொண்டுபோய்க் கொடுத்தது. நெதர்லாந்து 2025ல் 119ஐ அனுப்பியது. படம் போட்டு, உருகி, கலந்துரையாடி, மெதுவாகத் தீர்க்க வேண்டிய விஷயத்தை இவர்கள் விமானமேற்றித் தீர்த்துவிட்டார்கள். கலை நுகர்வு என்றால் என்னவென்றே தெரியாதவர்கள்.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பெனின் பொருட்கள் 900க்கு மேல் இருக்கின்றன. பார்வைக்கு வைத்திருப்பது நூற்றுக்குச் சற்றே அதிகம். ஆப்பிரிக்கக் கூடம் 25ஆம் எண் அறை. கீழ்த்தளத்தில் இருக்கிறது, படியிறங்கிப் போக வேண்டும். அனுமதி இலவசம்.

அடுத்த பிப்ரவரியிலோ அக்டோபரிலோ அந்த ஊர்களில் இருக்கிற வாசகர்கள் ஒரு திரையிடலுக்குக் கட்டாயம் போய் வாருங்கள். படங்கள் உண்மையிலேயே நல்ல படங்கள். எடுத்தவர்களுக்கு நாம் கொடுக்க வேண்டிய மரியாதை அது. கலந்துரையாடலில் மைக் உங்கள் கைக்கு வந்தால், நெகிழ்ந்துபோனேன் என்று சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம். எத்தனை பொருள், எந்தத் தேதியில் என்று மட்டும் கேளுங்கள். பதில் வரும்வரை மைக்கைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். கேட்டால், மைக் மென்மையான பொருள், பயணத்தைத் தாங்காது என்று சொல்லிவிடுங்கள்.